கால் ஏக்கர்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் நர்ஸ் வந்து இறங்குவாள். ஒரு கையில் மடக்கு நாற்காலி, இன்னொரு கையில் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் வைத்த துணிப்பை, கக்கத்தில் குடை. சாலையோரத்தில் இருந்த தன் கால் ஏக்கர் நிலத்துக்குள் காலை வைக்கும் முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பாள், வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. ஒரு மணி நேரம் களை பிடுங்குவாள். பிறகு நிலத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிடுவாள். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் மேஸ்திரியின் ஒரு ஏக்கர். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ராணியம்மா தர்பார் கூடிடுச்சு, வந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிடுவார்.

"பாவம், சும்மா இருங்க. யாருக்கு என்ன கெடுதல் பண்ணுது அது?" என்பாள் மனைவி.

நர்ஸ் அங்கே வீடு கட்டாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததற்கு மேஸ்திரிதான் காரணம். அது அவர் மனைவிக்குத் தெரியாது.

நகரம் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக வளர்ந்து வந்த காலம் அது. வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு ஏக்கரைப் பத்தாக வெட்டி வீடு கட்டி விற்றார்கள். மேற்கே நிலம் வைத்திருந்தவர்கள் அரண்டுபோய் கவுன்சிலுக்கு ஓடினார்கள். கூட்டம் போட்டு ஒரு விதி கொண்டுவந்தார்கள்: வாய்க்காலுக்கு மேற்கே ஒரு வீட்டுக்குக் குறைந்தது ஒரு ஏக்கர் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று முழங்கியவர் மேஸ்திரிதான். "தீப்பெட்டி அடுக்கின மாதிரி வீடு வந்தா கிணத்துத் தண்ணி யாருக்குப் பத்தும்? கழிவுத் தண்ணி எங்க போகும்? எங்க வாசல் வழியாவா?" என்று கேட்டார். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

கேள்வியெல்லாம் நியாயமான கேள்விதான். ஆனால் பேசும்போது அவர் மனதில் இருந்தது தண்ணீர் இல்லை, நர்ஸ். அவள் தன் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று வேறொரு மேஸ்திரியிடம் போய்க் கணக்குக் கேட்டிருந்தாள். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவருக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

கூட்டத்தின் முடிவில் பிளான் ஆபீசர் விதியை ஒவ்வொன்றாக வாசித்தார். ஏழாவது பிரிவு வந்தபோது பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் இரண்டு காதாலும் கேட்டார்: விதி வருவதற்கு முன்பே பத்திரம் பதிவான சின்ன மனைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, மூன்று வருஷத்துக்குள் பிளான் கொடுத்தால் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு முடியாது.

நர்சுக்கு அன்றைக்கு டூட்டி. அடுத்த ஞாயிறு வேலியோரம் வந்து நின்றாள்.

"மேஸ்திரிண்ணே, ஏதோ சட்டம் வந்திருக்காமே. என் இடத்துல வீடு கட்ட முடியுமா?"

"ஒரு செங்கல் வைக்க முடியாதும்மா. ஒரு ஏக்கர் இல்லாத இடத்துக்குப் பிளானைக் கையிலயே வாங்க மாட்டாங்க."

"நான் அதுக்கு முன்னாடியே வாங்கினதாச்சே."

"எப்ப வாங்கினா என்ன? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பதினோரு வருஷம் நைட் டூட்டி பாத்துச் சேர்த்ததுண்ணே" என்றாள்.

"என்ன பண்றது, உங்க நேரம்."

அன்று மத்தியானம் சாப்பாடு அவருக்கு வழக்கத்தைவிட ருசித்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவள் பிளான் ஆபீசுக்கும் ஒரு தடவை போய் வந்தாள். ஜன்னலில் இருந்தவனிடம் கால் ஏக்கரில் கட்டலாமா என்று கேட்டாள். "ஒரு ஏக்கர் வேணும், அடுத்த ஆள் வாங்க" என்றான் அவன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டான். பத்திரத்தின் தேதியைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நாற்காலியை வைத்துவிட்டுப் போக நாலு தகரத்தை வைத்து ஒரு மறைப்புக் கட்டினாள். மேஸ்திரி ஒரு புகார் எழுதிப் போட்டார். ஆட்கள் வந்து பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்துதான் அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரவும் போகவும் ஆரம்பித்தாள்.

மூன்றாவது வருஷம் முடிகிற சமயத்தில் மேஸ்திரியின் மகள் திரும்பி வந்தாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். இவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. இரண்டு பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். வீட்டில் ஏற்கெனவே மகனும் மருமகளும் இருந்தார்கள். நாலு நாள் பொறுத்த மருமகள் ஐந்தாம் நாள் சமையலறையிலிருந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணி எத்தனை நாள் இருப்பாங்கன்னு சொல்லிட்டா அதுக்குத் தக்கபடி உலை வைப்பேன்" என்றாள்.

மகள் அப்பாவிடம் வந்தாள். "அப்பா, பின்பக்கம் ஒரு ரூமும் ஒரு அடுப்படியும் கட்டிக் கொடுங்க. யார் முகத்திலயும் முழிக்காம நான் பாட்டுக்கு இருந்துக்கறேன்."

"அதுக்கென்ன, ரெண்டு மாசத்துல கட்டி நிறுத்திடறேன்" என்றார் மேஸ்திரி.

பிளான் ஆபீசர் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு இருக்கறது ஒரு ஏக்கர். அதுல ஒரு வீடு இருக்கு. இன்னொண்ணு எப்படி வரும்?"

"பெரிய வீடு இல்ல சார். ஒரு ரூம். என் பொண்ணுக்கு."

"நீங்கதானே அன்னைக்கு எழுந்து நின்னு பேசினீங்க? நீங்க பேசினது அப்படியே நோட்ல இருக்கு. எடுத்துப் படிக்கட்டுமா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "பாதியைப் பிரிச்சு அவ பேருக்கு எழுதினா?" என்று கேட்டார்.

"அப்ப ரெண்டுமே ஒரு ஏக்கருக்குக் குறைஞ்சு போயிடும். இப்ப இருக்கிற வீட்டுக்கே வில்லங்கம். வீண் வேலை." ஆபீசர் காகிதத்தைத் திருப்பி நீட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, "சட்டத்துக்கு முன்னாடி பதிவான சின்ன மனை எங்கயாவது இருந்தா வாங்குங்க. இன்னும் நாப்பது நாள் இருக்கு" என்றார்.

"வேற ஆள் கைக்கு மாறினாலும் செல்லுமா சார்?"

"ஆள் மாறலாம். மனைதான் மாறக் கூடாது."

மேஸ்திரி படியிறங்கினார். மூன்றாவது படியிலேயே முகம் தெளிந்துவிட்டது.

நர்ஸ் ஒரு பேக்கரிக்கு மேலே வாடகை அறையில் இருந்தாள். அறை முழுக்க ரொட்டி வாசனை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கொடியில் இரண்டு வெள்ளைச் சீருடை. உட்கார இருந்தது அந்த மடக்கு நாற்காலி ஒன்றுதான். அதை விரித்து அவரை உட்காரச் சொல்லிவிட்டு அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சுத்தி வளைக்காமச் சொல்லிடறேன் நர்சம்மா. அந்த இடம் சும்மா கிடக்குது. நீங்களும் வாரா வாரம் வெயில்ல கிடந்து காயறீங்க. எங்கிட்ட கொடுத்துட்டீங்கன்னா நாலு ஆடு கட்டிக்குவேன்."

அவள் விலையைக் கேட்டாள். அவர் சொன்னது அவள் வாங்கிய விலையில் பாதி.

"நான் கொடுத்ததுல பாதிதாண்ணே இது."

"வீடு கட்ட முடியாத இடத்துக்கு முழு விலை யாரும்மா தருவாங்க? பக்கத்துல இருந்து பழகிட்டோமேன்னு நான் கேக்கறேன். இதுவே வேற ஆளா இருந்தா திரும்பிப் பாக்க மாட்டான்."

கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. "வாடகையும் ஏத்திட்டாங்க" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா வாங்க. உங்க இடம் மாதிரி நினைச்சுக்குங்க."

எழுந்தபோது கதவின் பின்பக்கத்தைப் பார்த்தார். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்த ஒரு வீடு, நாலு மூலையிலும் ஊசி குத்தி மாட்டியிருந்தது. பல தடவை அழித்து அழித்துத் திருத்தி, தாள் சில இடங்களில் மெலிந்துபோயிருந்தது.

"நான் போட்டதுதாண்ணே. சரியா இருக்கான்னு சொல்லுங்களேன்" என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு. "பாத்ரூம் கதவு மட்டும் அகலமா வெச்சிருக்கேன். வயசான காலத்துல சக்கர நாற்காலி போகணும்ல. ஆஸ்பத்திரியில எத்தனை பேரைப் பாக்கறோம்."

மேஸ்திரி நிதானமாகப் பார்த்தார். பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு நேர் மேலே சாலையைப் பார்த்த ஜன்னல். படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கு ஆறே எட்டு நடை. நடப்பதற்கென்று ஒரு அடி இடம்கூட வீணாகவில்லை. எஞ்சினியர்கள் போட்ட பிளானில்கூட இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

"அடுப்படி சின்னதா இருக்கு. மத்தபடி பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். தெரு முனைக்கு வருவதற்குள் அந்தப் பிளான் மொத்தமும் அவர் மண்டைக்குள் பதிந்திருந்தது.

பத்திரம் மகள் பேரில் பதிவாயிற்று. கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பிளானைக் கொடுத்தார், கையெழுத்தாகி வந்தது. அந்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் நர்ஸ் வருவாளோ என்று அவருக்கு உள்ளூர உதறல். அவள் வரவில்லை. விற்றுவிட்ட இடத்தில் போய் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. சனியன் விட்டது என்று கடைக்கால் தோண்ட ஆரம்பித்தார்.

சுவர் ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்துக்கு வந்த சமயம். சாரத்திலிருந்து பிரித்துப் போட்ட பலகை ஒன்றின் மேல் மேஸ்திரி காலை வைத்தார்; இரண்டு அங்குல ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறியது. சித்தாள் வேலை பார்த்த பெண் அவரை ஒரு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். திரையை விலக்கிக்கொண்டு மருந்துத் தட்டோடு வந்தது நர்ஸ்.

"அட, மேஸ்திரிண்ணே! என்ன இப்படி?" என்று உண்மையான பதற்றத்தோடு கேட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க வேலை நடக்குது?"

"பக்கத்து ஊர்ல ஒரு சின்ன வேலை."

சித்தாள் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு வலியில் புத்தி குழம்பிவிட்டது என்று நினைத்து, "இல்லக்கா, இவரு மகளுக்குத்தான் வீடு கட்டறாரு. இவரு வேலியை ஒட்டி ரோட்டோரமா கால் ஏக்கர் இருக்கில்ல, அங்க" என்றாள்.

நர்சின் கை நின்றது. பஞ்சு அவர் பாதத்தின் மேல் அப்படியே இருந்தது. மேஸ்திரி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். இப்போது அழுத்தப் போகிறாள், மருந்தை ஊற்றி எரிய விடப் போகிறாள் என்று பல்லைக் கடித்தார். கால் அவள் மடியில் இருந்தது; இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவள் ஒன்றும் செய்யவில்லை. காயத்தைச் சுத்தம் செய்தாள். துருவை இடுக்கியால் துளித்துளியாக எடுத்தாள். மருந்து வைத்துக் கட்டினாள். கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஊசியும் வலிக்காமல் போட்டாள்.

"கூட்டத்துல இதைப் பத்திச் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மேஸ்திரி குனிந்து செருப்பைத் தேடினார்.

"அஞ்சு நாளைக்குத் தண்ணி படக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மகள் டிரைவிங் ஸ்கூல் காரோடு வந்து அவரை ஏற்றிக்கொண்டாள். வாசலில் நின்ற நர்ஸ் மகளைப் பார்த்ததையும், மகள் அதைக் கவனித்ததையும் மேஸ்திரி கவனித்தார்.

"யாருப்பா அவங்க? ஏன் என்னை அப்படிப் பாத்தாங்க?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் ஊசியின் மயக்கமோ, மாட்டிக்கொண்டும் அடி விழாமல் தப்பித்த குஷியோ, அவர் எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லிவிட்டார். கூட்டம், ஏழாவது பிரிவு, வேலியோரம் சொன்ன பொய், பாதி விலை, ஆடு. சொல்லச் சொல்ல அவருக்கே தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது. "எல்லாம் யாருக்காகச் செஞ்சேன்? உனக்காகத்தான்" என்று முடித்தார்.

"என்னைப் பத்தி நீங்க நினைச்சுப் பாக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடி சொன்ன பொய் எனக்காக எப்படிப்பா ஆகும்?" என்றாள் மகள்.

ஆனால் வீடு முடிந்ததும் அங்கே குடி போனாள். போகாமல் என்ன செய்வாள்? மருமகள் அதற்குள் அவள் பெட்டிகளைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். புது வீட்டில் எல்லாம் அவள் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. அந்தச் சாலையோர ஜன்னலுக்கு நேராக நின்று பாத்திரம் கழுவுவது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பாத்ரூம் கதவு ஏன் இத்தனை அகலம் என்று கேட்டாள். "இப்பல்லாம் அப்படித்தான் வைக்கறாங்க" என்றார் மேஸ்திரி.

குடி போன பன்னிரண்டாம் நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து, "அவங்க வீட்டைக் காட்டுங்க" என்றாள். இந்தப் பெண் மனம் இளகி இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்? பத்திரம் அவள் பேரில் அல்லவா இருக்கிறது! மேஸ்திரி அவசரமாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

அறைக் கதவு திறந்திருந்தது. மேஸ்திரி வெளியே படியில் நின்றுகொண்டார். மகள் உள்ளே போய்க் கையைக் கூப்பினாள். "அக்கா, எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சதுக்கப்புறம் தூக்கம் வரல. என்னை மன்னிச்சிடுங்க."

நர்ஸ் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "கதவைச் சாத்தும்மா. ரொட்டி அடுப்புப் புகை உள்ள வருது."

மகள் கதவைச் சாத்தத் திரும்பினாள், அங்கேயே நின்றுவிட்டாள். சாத்தாத கதவின் இடுக்கு வழியாக மேஸ்திரிக்கு அவள் முகம் தெரிந்தது. அவள் கதவில் மாட்டியிருந்த தாளில் ஜன்னலைப் பார்த்தாள், பாத்ரூமைப் பார்த்தாள், தினமும் காலையில் தான் எழுந்து நடக்கிற அந்த ஆறு எட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். திரும்பி இடுக்கு வழியாக அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"அடுப்படி சின்னதுன்னாரே உங்கப்பா. பெருசு பண்ணிட்டாரா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்ல. இதே அளவுதான்."

"போதுமா இருக்கா?"

"போதும்க்கா."

நர்ஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மன்னிப்புக் கேட்டுட்டு இப்ப எங்க போய்ப் படுப்ப?"

"அங்கதான்" என்றாள் மகள்.

"அப்ப அந்த மன்னிப்பை எங்கிட்ட வாங்கிட்டுப் போய் எங்க வைப்ப? எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு, கிளம்பும்மா."

மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேச்சு பேச்சோடு போயிற்று, பத்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஸ்கூட்டரில் வரும்போது, "அதுக்கு வாய்த் துடுக்கைப் பாத்தியா?" என்றார். மகள் வண்டியைச் சீராக ஓட்டினாள். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "ஜன்னலுக்கு இன்னும் கம்பி போடலப்பா. இந்த வாரம் போட்டுடுங்க" என்றாள்.

அடுத்த வருஷம் வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பெரிய கட்டடக் கம்பெனி அறுபது ஏக்கரை மொத்தமாக வளைத்துப் போட்டது. நாலே மாதத்தில் விதி மாறியது. ஒரு ஏக்கர் போய், எட்டில் ஒரு பங்கு ஏக்கர் இருந்தால் போதும் என்றாயிற்று. மேஸ்திரி ஆடிப்போனார். "ஒரு வருஷம் பொறுத்திருந்தா என் இடத்துலயே கட்டியிருக்கலாமே! அதுக்குக் கொடுத்த காசு தண்டமாச்சே!" என்று இரண்டு நாள் புலம்பினார்.

மூன்றாம் நாள் மகள் வந்தாள். "என் இடத்தை ரெண்டாப் பிரிக்கறேன். பின்பாதியை வித்துட்டுச் சொந்தமா ஒரு கார் வாங்கி ஸ்கூல் ஆரம்பிக்கப் போறேன்."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. "யாருக்கு? அந்த நர்சுக்கா? சும்மா தூக்கிக் கொடுக்கப் போறியா?"

"போய்க் கேட்டேன். இன்னைக்கு விலை என்னவோ அதைத்தான் சொன்னேன். அவங்க உங்களுக்குக் கொடுத்த விலையைப் போல ஆறு மடங்கு வருது. அவங்களால முடியாதுன்னாங்க." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "வேற ஒரு குடும்பம் முன்பணம் கொடுத்துட்டாங்க. பெரிய குடும்பம். ரெண்டு மாடி எழுப்பறாங்களாம், உங்க வேலியை ஒட்டி."

"என் வேலியை ஒட்டியா? என் வீட்டுக்குக் காத்து எப்படிடி வரும்?"

"சட்டப்படி எவ்வளவு விடணுமோ அவ்வளவு விடுவாங்க. நான் படிச்சுப் பாத்துட்டேன், எல்லாப் பிரிவும்."

மேஸ்திரி மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை, குற்ற உணர்ச்சி இல்லை; கற்றுக்கொள்ள வந்தவனுக்கு கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்கிற அதே முகம்தான் இருந்தது. அவருக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இன்னொரு பக்கம் பயமாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"மேஸ்திரி யாராவது தெரியுமான்னு கேட்டாங்க. உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமை வந்து அளந்து கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலை, வாங்கினவர்கள் சாலையோரம் குடும்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, மேஸ்திரி நூல்கண்டோடு வேலியோரம் குனிந்தார். முதல் முளையைத் தன் பக்கத்துக்கு அரை அடி கூடுகிற மாதிரித் தள்ளி அடித்துப் பார்த்தார். மகள் அளவு நாடாவைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். பிடுங்கி, சரியான இடத்தில் அடித்தார்.